கோடு கச்சேரி ஏறும் முன்

நான் 26 வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மட்டக்களப்பில் தொடங்கி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று மாறி, அம்பாறையில் ஓய்வு பெற்றேன். எங்கள் பதவியை இன்னும் ‘முதலியார்’ என்றுதான் சொல்வார்கள். சேலை கட்டிக்கொண்டு வந்தாலும் முதலியார்தான். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சிங்களத்தில் கேட்பதைத் தமிழிலும் ஆக்கிக் கொடுக்கும் வேலை. சாட்சி அழுதால் பேசாமல் நிற்க வேண்டும். அழுகைக்கு மொழிபெயர்ப்பு கிடையாது.

இப்போது நான் செய்யும் வேலைக்குப் பெயர் இல்லை. ஒரு நிறுவனத்துக்குள் நடந்த பாலியல் துஷ்பிரயோகத்துக்காக யாராவது பொலிசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கோட்டுக்கோ போக வேண்டி வந்தால், கூடப் போவேன். போகும் வழியில் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணியைக் காணும் முன் தெரிந்திருந்தால் உதவும் விஷயங்கள் இவை.

பள்ளிக்கூட விடுதி, சிறுவர் இல்லம், டியூஷன் கொட்டில், தேவாலயம், மதரசா, அறநெறி வகுப்பு, விளையாட்டுக் கழகம், வைத்தியசாலை, அரச அலுவலகம் என்று எந்த இடமாகவும் இருக்கலாம். இங்கே செய்தவருக்குப் பின்னால் ஒரு கட்டடம் நிற்கும். கட்டடத்துக்கு ஒரு பெயர் இருக்கும், பெயரைக் காப்பாற்ற ஒரு நிர்வாக சபை இருக்கும். போராலும் 2004 சுனாமியாலும் நம் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் இல்லங்களிலும் விடுதிகளிலும் வளர்ந்தார்கள். நல்ல மனிதர்கள் தங்கள் பிள்ளை போலப் பார்த்த இடங்களும் உண்டு. அந்த நன்றிக்கடனை வைத்தே பிறகு வாயைக் கட்டுவார்கள். ‘சோறு தந்த இடத்தையா காட்டிக் குடுக்கிறாய்?’ என்று கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் சொந்தக்காரர்தான்.

என் கண் முன்னால் தோற்றுப்போன வழக்குகளில் பல, மேல் நீதிமன்றத்துக்கு வருவதற்கு வருடங்களுக்கு முன்பே தோற்றுவிட்டவை. முதல் வாக்குமூலம் அவசரத்தில், தெரியாத மொழியில், அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும். அல்லது ‘நாங்கள் உள்ளுக்குள் விசாரிக்கிறோம்’ என்று நிர்வாகம் நாலைந்து மாதத்தை விழுங்கியிருக்கும். அதனால் இந்தக் குறிப்பில் முதல் சில நாட்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

‘உள்ளுக்குள் விசாரிக்கிறோம்’

அதிபரிடமோ இல்லப் பொறுப்பாளரிடமோ சொன்னால் முதலில் கிடைக்கும் பதில் இது. விசாரிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர்களுடைய விசாரணை ஒன்று, பொலிஸ் விசாரணை வேறொன்று. வலயக் கல்விப் பணிமனையோ மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவோ ஒருவரை வேலையிலிருந்து இடைநிறுத்தலாம், விலக்கலாம். சிறைக்கு அனுப்ப முடியாது. தேவாலயத்துக்கும் அப்படித்தான். 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இப்படியான முறைப்பாடுகளைப் பெற ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார். அதன்படி ஆயருக்கு எழுதலாம். குருப்பட்டத்தைப் பறிக்கும் அதிகாரம் திருச்சபைக்கு உண்டு, குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் நாட்டின் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகமோ கோயில் நிர்வாகமோ கூடிக் கதைத்து எடுக்கும் முடிவும் உங்களைப் பொலிசுக்குப் போகவிடாமல் தடுக்காது.

உள்விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். பொலிஸ் முறைப்பாடு முதலில் போவது நல்லது.

நான் அதிகம் பார்த்த தந்திரம் இடமாற்றம். ‘சேர் மாறிப் போயிட்டார், பிரச்சினை முடிஞ்சுது’ என்பார்கள். எங்கே போனார்? அநேகமாக ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில் ஏதாவது ஒரு பின்தங்கிய பள்ளிக்கூடத்துக்கு. அங்கே அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது, கேட்பதற்கும் ஆள் குறைவு. கிழக்கே எழுவான்கரையின் குப்பையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளுவது நம்முடைய பழைய பழக்கம். மன்னிக்கவும், இதில் எனக்குக் கோபம் அதிகம்.

இந்தக் கட்டத்தில் மூன்று விஷயம் சொல்வேன். நிர்வாகம் நீட்டும் எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ‘சும்மா வந்ததுக்கு ஒரு சைன்’ என்றாலும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் கடிதம், டயரி, போன் எதையும் ‘பார்த்துவிட்டுத் தருகிறோம்’ என்றால் கொடுக்காதீர்கள், படம் எடுத்த பிரதி போதும். காசு கொடுத்துச் சமாதானம் பேச வந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பாலியல் வல்லுறவும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமும் இரு தரப்பும் பேசித் தீர்க்கக்கூடிய குற்றங்கள் அல்ல. இணக்க சபைக்கும் அவை போகாது. ‘கலியாணம் முடிச்சு வைப்பம்’ என்ற பேச்சும் வழக்கை முடித்துவிடாது.

நடந்து சில நாட்களுக்குள் என்றால்

முதலில் ஆஸ்பத்திரி. பொலிஸ் பிறகும் போகலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை, அம்பாறை என்று எது கிட்டவோ அங்கே. பெரிய வைத்தியசாலைகளில் பொலிஸ் காவலரண் இருக்கும், அங்கேயே முறைப்பாட்டைத் தொடங்கலாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பம் தரிப்பதைத் தடுக்கும் மாத்திரையும் எவ்வளவு விரைவாக எடுக்கிறோமோ அவ்வளவு பலன். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். டொக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

குளிக்காமல் போவது நல்லது. ஏற்கெனவே குளித்துவிட்டால் அதற்காகப் போகாமல் விடாதீர்கள். போட்டிருந்த உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் பிடித்துத் தடயம் கெட்டுவிடும். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினாலும் சரி.

சட்ட வைத்திய அதிகாரி, நாம் ஜேஎம்ஓ என்கிறவர், பரிசோதிப்பார். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும், பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம். நடந்ததை அவர் கேட்டு எழுதுவார். அவருக்குச் சொல்வதும் பிறகு வழக்கில் வரும், அதனால் அங்கேயும் அரைகுறையாகச் சொல்ல வேண்டாம். உடம்பில் காயம் இல்லை என்று அறிக்கை வந்தால் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோதே, சம்மதம் இல்லை என்று நிரூபிக்கக் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் அவசியமில்லை என்று எழுதிவிட்டார்கள். மாதக் கணக்கு, வருடக் கணக்குக்குப் பிறகு வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

நம் பக்கத்து அரச வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்று ஒரு சிறிய அறை இருந்தால் விசாரியுங்கள். வன்முறைக்கு உள்ளானவர்களோடு இருந்து பேசவும் அடுத்த இடத்துக்கு வழிகாட்டவும் அங்கே ஆட்கள் உண்டு. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமும் நீண்ட காலமாக இந்த வேலையைச் செய்கிறது.

பொலிசில் எழுதும் கடதாசி

பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பிரிவு இருக்கிறது. பெண் உத்தியோகத்தர் வேண்டும் என்று கேளுங்கள். தனி அறை கேளுங்கள், முன்மேசையில் ஆட்கள் வந்து போகும் இடத்தில் நின்று சொல்ல வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரேதான் முதலில் அறிவிக்க வேண்டும் என்றும் இல்லை, குற்றம் நடந்ததை அறிந்த யாரும் தகவல் கொடுக்கலாம். உள்ளூர்ப் பொலிசில் அந்த நிறுவனத்துக்குச் செல்வாக்கு என்று பயந்தால், பிள்ளைகள் விஷயத்தில் 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், இரவு பகல் வேலை செய்யும், தமிழில் பேசலாம். அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. பெண்களுக்கு 1938. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார். சிறுவர் இல்லம் சம்பந்தப்பட்டால் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்கும் எழுதுங்கள். மற்றப் பிள்ளைகள் இன்னும் அந்த இல்லத்துக்குள் இருப்பார்கள் அல்லவா?

இனி மொழி. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

அம்பாறைப் பக்கத்து வழக்கு ஒன்று. பிள்ளைக்கு நடந்தபோது 14 வயது, கூண்டில் ஏறியபோது 20. பொலிசில் தமிழில் சொன்னதை உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளை சொன்னது, ‘சேர் என்னை அறைக்குள்ள கூப்பிட்டவர்.’ எழுதியிருந்தது, ‘நான் சேரின் அறைக்குள் போனேன்.’ இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வினைச்சொல். ஆறு வருடம் கழித்து எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்றார். ‘நீராகத்தானே போனீர்? அன்று கூப்பிட்டதாகச் சொல்லவில்லையே, இன்று யார் சொல்லித் தந்தது?’ கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது நான்தான். ‘இல்ல மிஸ், கூப்பிட்டவர், கூப்பிட்டவர்’ என்று பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னாள், நீதிபதியைப் பார்க்கவில்லை.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. வாய்மொழியாகக் கொடுக்கும் தகவலை, சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். உத்தியோகத்தருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களாலும் எழுத முடியாது என்றால்தான் அவர் வேறு மொழியில் எழுதலாம், அதற்கும் காரணத்தைக் குறித்து, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். ஆகவே ‘நான் தமிழில் எழுதித் தாறன்’ என்று சொல்லுங்கள். இது உங்கள் உரிமை, கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசித்துக் காட்டும்போது ஒரு வரி பிழை என்றால் நிறுத்தி, திருத்தச் சொல்லி, பிறகு கையெழுத்து. ‘பரவாயில்ல மகள், பிறகு கோட்டில சொல்லலாம்’ என்பார்கள். கோட்டில் சொன்னால் அதற்குப் பெயர் முரண்பாடு.

அடுத்தது, சொல்லும் சொல். நாம் எல்லாவற்றையும் ‘சேட்டை’ என்ற ஒரே சொல்லுக்குள் சுருட்டிவிடுகிறோம். ‘சேட்டை விட்டவர்’, ‘கூடாத வேலை செய்தவர்’. பொலிஸ்காரரும் அப்படியே எழுதுவார். அந்தச் சொல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவுக்குப் போய்ச் சேரும், அது பாலியல் தொந்தரவு, ஆகக் கூடியது 5 வருடச் சிறை. உண்மையில் நடந்தது 365ஆ (ஆங்கிலத்தில் 365B) பிரிவில் வரும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமாக இருக்கலாம், 18 வயதுக்குக் குறைந்தவருக்குச் செய்தால் 7 முதல் 20 வருடம். எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானிப்பது எங்கே தொட்டார், எதனால் தொட்டார், என்ன செய்யச் சொன்னார், எத்தனை தடவை என்ற விவரங்கள்தான். சொல்வது கஷ்டம். வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் என்றால் பொம்மையையோ படத்தையோ காட்டச் சொல்லலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து, பிறகு அதையே நீதிமன்றத்தில் முதன்மைச் சாட்சியமாகப் பயன்படுத்த 1999ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது. அதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பிள்ளை ஒரே கதையை ஏழு பேருக்குச் சொல்லிச் சாகத் தேவையில்லை.

திகதி நினைவில்லை என்று பயப்பட வேண்டாம், ஊகித்து ஒரு திகதி சொல்லவும் வேண்டாம். பிழையான திகதியைவிட ‘மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய்வந்த கிழமை’ என்பது நல்லது. ‘நோன்புப் பெருநாளுக்கு முதல்’, ‘ஓ.எல். சோதனை முடிஞ்ச அண்டைக்கு’, ‘வெள்ளம் வந்து பள்ளிக்கூடம் பூட்டின நாள்’ என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே எழுதச் சொல்லுங்கள். சாட்சி ஒருவர்தானே என்று யாராவது சொன்னால், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவை அவர் படிக்கவில்லை. ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை.

வெளியே வரும் முன் முறைப்பாட்டு இலக்கம், திகதி, பதிந்த உத்தியோகத்தரின் பெயர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ‘என்ட்ரி போட்டாச்சு, போங்க’ என்றால் என்ட்ரி இலக்கத்தைக் கேளுங்கள். முறைப்பாட்டையே எடுக்க மறுத்தால், பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எந்தக் குற்றம், எந்த வழக்கு

தண்டனைச் சட்டக்கோவையில் நிறுவனத்துக்கென்றே ஒரு பிரிவு உண்டு, 364(2). பெண்கள் அல்லது சிறுவர் நிறுவனத்தின் நிர்வாகத்திலோ ஊழியத்திலோ இருப்பவர், வைத்தியசாலையில் இருப்பவர், அதிகாரத்தைப் பயன்படுத்தும் அரச உத்தியோகத்தர், தன் பொறுப்பில் இருக்கும் பெண்ணை வல்லுறவு செய்தால் 10 முதல் 20 வருடம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றாலும் அதே தண்டனை. 16க்குக் குறைந்த பிள்ளை ‘சம்மதிச்சது’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டத்தில் இருந்தாலும், அதற்குக் கீழே விதிக்க நீதிபதிக்குத் தடை இல்லை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனை வருடம் கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் நம் சட்டம் வல்லுறவு என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அந்தப் பிரிவு பெண்களுக்கு மட்டும் எழுதப்பட்டது. ஆண் பிள்ளைக்கு நடந்தால் 365ஆ. பெயர் வேறு, ஆகக் கூடிய தண்டனை அதே 20 வருடம். வளர்ந்த ஆண்கள் சொல்லப் பயப்படுவதற்கு இன்னொரு காரணம், ஆணுக்கு ஆண் என்றாலே குற்றம் என்று நம் சட்டத்தில் கிடக்கும் பழைய பிரிவு. பலவந்தப்படுத்தப்பட்டவர் குற்றவாளி அல்ல. பிள்ளையாக இருந்தபோது நடந்தது என்றால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை.

பல்கலைக்கழகத்திலோ வேறு கல்வி நிறுவனத்திலோ ராக்கிங் என்ற பெயரில் நடந்தால் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. ராக்கிங்கில் பாலியல் தொந்தரவு செய்தால் 10 வருடம் வரை சிறை. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுத்திட்டத்துக்கோ காணிப் பத்திரத்துக்கோ கையெழுத்துப் போட, உத்தியோகத்தர் ‘வேறு விதமாக’ கவனிக்கச் சொல்கிறாரா? 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் சலுகையையும் இலஞ்சமாகவே கருதுகிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கணவரைப் போரில் தொலைத்த எத்தனை பெண்கள் இந்த வார்த்தையைக் கேட்டுத் தலை குனிந்து திரும்பி வந்தார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

செய்தவர் அரச உத்தியோகத்தர் என்றாலோ, அரச நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்றாலோ, உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவும் போடலாம். அதற்கு ஒரு மாதம்தான் கெடு. கொழும்புக்கு உடனே ஓட எல்லோராலும் முடியாது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு, இலக்கம் 1996.

நட்டஈடு கேட்டு நிறுவனத்துக்கு எதிராகச் சிவில் வழக்கும் போடலாம். நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் 18 வயது ஆகும்வரை அந்தக் காலம் ஓடாது. குற்ற வழக்கில் தண்டிக்கும்போது எதிரி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றமும் கட்டளையிடும். இதற்கெல்லாம் வக்கீல் பீஸுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு 1978இலிருந்து இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். நீதிமன்றத்துக்குப் போய் அதன் அலுவலகம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். குற்ற வழக்கை நடத்துவது அரசுதான், அதற்கு நீங்கள் செலவு செய்யத் தேவையில்லை. உங்கள் பக்கம் கவனித்துக்கொள்ள ஒரு சட்டத்தரணி எழும்பி நிற்கலாம், அவ்வளவுதான்.

பழைய கதை என்றால்

என் தம்பி 12 வயதில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தான். எந்த விடுதி என்று எழுதப்போவதில்லை. விடுமுறைக்கு வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று அழுவான். படிப்புக் கள்ளம் என்று அம்மா பூவரசங்கம்பை முறிப்பார். அவனைப் பஸ் ஏற்றிவிட்டது பெரும்பாலும் நான்தான். எனக்கு அப்போது 17. அவன் 38 வயதில், அவனுடைய மகனுக்கு 12 ஆன வருடம், ஒரு இரவு வந்து திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, ‘மறுகா என்ன செய்யிற அக்கா, கேஸ் போடேலுமா?’ என்றான்.

கணக்குப் பார்த்தேன், 26 வருடம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி, கொலை, இராசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு 20 வருடத்துக்குப் பிறகு வழக்குத் தொடர முடியாது. நாள் முழுக்க நீதிமன்றத்தில் நின்றவள் நான், அந்த ஆறு வருடத்தை அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே 20 வருடம் ஆகவில்லை என்றால், ‘இவ்வளவு காலத்துக்குப் பிறகா’ என்று யார் கேட்டாலும் போங்கள். சிறு வயதில் நடந்ததைப் பெரியவராகிச் சொல்வது வழக்கமானது, தாமதத்துக்குக் காரணம் சொன்னால் நீதிமன்றம் கேட்கும். விடுதிப் பதிவேடு, பழைய தேர்ச்சி அறிக்கை, குழுப் படம், அக்காலத்தில் யாருக்காவது எழுதிய கடிதம், அன்றே நீங்கள் சொல்லிவைத்த ஒரு சினேகிதி எல்லாம் உதவும். அந்த ஆள் அந்த வருடத்தில் அங்கே வேலை செய்தார் என்று காட்டுவதே பாதி வேலை.

20 தாண்டிவிட்டால் நீதிமன்றக் கதவு மூடிவிட்டது, மற்றக் கதவுகள் எல்லாம் மூடவில்லை. அந்த ஆள் இன்னும் பிள்ளைகளோடு வேலை செய்கிறார் என்றால் 1929க்குச் சொல்லுங்கள், நிர்வாகத்துக்கும் மேலிடத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அவரால் பாதிக்கப்பட்ட இளையவர் யாராவது இருந்தால் அவருடைய 20 வருடம் இன்னும் முடிந்திருக்காது. தம்பி எழுதினான். தமிழில், நாலு பக்கம், பதிவுத் தபாலில். பதில் வரவில்லை, பற்றுச்சீட்டு என் அலுமாரிக்குள் இருக்கிறது.

தவணைகளும் ஊரும்

நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, வழக்குக் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், அங்கிருந்து குற்றப்பத்திரம் வந்து, மேல் நீதிமன்றத்தில் விளக்கம், அதாவது வழக்கு விசாரணை, நடக்கும். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்றிலும் மேல் நீதிமன்றம் உண்டு. இந்தப் பயணம் வருடக் கணக்கில் போகும். இடையில் எதிரி பிணையில் வெளியே வந்து உங்கள் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஓடுவார். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பயமுறுத்தினால் அது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்க 2015இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்கென்று ஒரு தேசிய அதிகாரசபை இருக்கிறது. பாதுகாப்புக் கேட்கலாம், விசாரணை எந்தக் கட்டத்தில் என்று கேட்கலாம், எதிரியின் முகத்தைப் பார்க்காமல் வேறிடத்திலிருந்து காணொளி மூலம் சாட்சி சொல்ல அனுமதி கேட்கலாம். தானாக எதுவும் வராது, ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

இனி நம் சனத்துக்கு ஒரு வார்த்தை. ‘நீதி வேண்டும்’ என்று பிள்ளையின் படத்தைப் பேஸ்புக்கில் போடுகிறீர்களே, தண்டனைச் சட்டக்கோவையின் 365இ (ஆங்கிலத்தில் 365C) பிரிவின்படி பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், 2 வருடம் வரை சிறை. முகத்தை மறைத்துவிட்டு ஊரையும் பள்ளிக்கூடத்தையும் அப்பாவின் பெயரையும் எழுதினாலும் அடையாளம்தான். மெழுகுதிரி பிடிக்க ஆசையாக இருந்தால் பிடியுங்கள், படம் வேண்டாம்.

நித்திரை வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்திலும் இரவு பகல் பேசலாம். அதற்குப் போனதை எதிர்த்தரப்பு ‘பைத்தியம்’ என்று திருப்பும் என்று சிலர் பயப்படுவார்கள். நான் நின்ற வழக்குகளில் கிளினிக் கொப்பி பாதிக்கப்பட்டவருக்கு உதவியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வழக்குத் தவணைக்குப் போகும் நாளில் கையில் என்ன இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். அடையாள அட்டை, முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு, ஒரு போத்தல் தண்ணீர், இரண்டு பனடோல், மத்தியானம் தாண்டினால் கடிக்க ஒரு பனிஸ். கோட்டுச் சத்தம் தாங்காமல் அழாத ஒரு ஆள் துணைக்கு. ஒரு எண்பது பக்கக் கொப்பி, ஒரு பேனை. யார் என்ன சொன்னார், எந்தத் திகதிக்கு வரச் சொன்னார் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். தமிழில்.